இரைச்சல் போன பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். வண்டிப்பெரியாரில் மழை விட்டதா? உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். இங்கே வெயில்தான்.

போனில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் சொந்தமாக ஹெட்செட் வாங்க வேண்டும். சாதாரணமானது காதை இறுக்கி மூடும், அவ்வளவுதான். இன்னொன்று இரைச்சலையே குறைத்துவிடும். நேற்று அதை இரவல் வாங்கிப் பறந்தேன். மேலே போய் அதன் சுவிட்சைப் போட்டதும் சத்தம் சட்டென்று அடங்கியது. இன்ஜின் நின்றுவிட்டதென்று நினைத்து, அப்போது செய்யச் சொல்லித் தந்தபடி விமானத்தின் மூக்கைத் தாழ்த்திவிட்டேன்! பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் அமர்நாத் சார் சிரித்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை.

"மிஷின் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும் பாப்பா" என்று சொல்லி, தேயிலை ஃபேக்டரியில் காதில் பஞ்சுகூட வைக்காமல் நின்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இரைச்சல் போன பிறகுதான் இன்ஜினின் துடிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. அந்த ஹெட்செட்டையே வாங்குகிறேன்.

நம் ஃபேக்டரித் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே டீயை வாயில் வைக்க முடியவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசும்போது நீங்களும் போனை வாங்கி ஏதாவது பேசுங்கள். என் பதில் உங்களுக்குக் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் பேசுவது எனக்குக் கேட்குமே.

உங்கள் மகள்,
பிரிசில்லா