ஈஸியில் செத்த டிராகன்

என்னங்க,

சாப்பாடு பிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு வாஷிங் மெஷின் மெக்கானிக் வருவார். அதுவரை வெளியே கிளம்பாதீர்கள்.

சீ! உங்களிடம் நேரில் பேசவே குமட்டுகிறது, அதனால்தான் சீட்டு. நான் விளையாடும் வீடியோ கேமில் முதல் ஊரைத் தாண்டினாலே ஓநாய் கடித்துக் கொன்றுவிடும். மூன்று வாரம் ஊர் எல்லையிலேயே சுற்றி, மூலிகை பறித்து, மருந்து காய்ச்சி, துருப்பிடித்த வாளைத் தீட்டித் தீட்டி, நேற்றுதான் டிராகன் குகை வாசலில் போய் நின்றேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கேமின் கடினத்தை "ஈஸி" என்று மாற்றி, நாலே அடியில் அதைக் கொன்று, நான் திரும்பிப் போகவே முடியாதபடி என் பழைய சேவை அழித்து அதன் மேலேயே சேவும் பண்ணிவிட்டு, "பாவம், எத்தனை நாளா கஷ்டப்படுறே, நானே முடிச்சுட்டேன்" என்று இளித்தீர்களே! முப்பது குப்பி மருந்தும் பையில் அப்படியே கிடக்கிறது. நீங்கள் மென்று துப்பியதை என் வாயில் திணித்த மாதிரி இருக்கிறது.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. மெக்கானிக்கிடம் அதையும் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒரு வாரமாக நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த குறுக்கெழுத்தை நான் நிரப்பிவிட்டேன், பேனாவால். விடை அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது. பாவம், எத்தனை நாளா கஷ்டப்படுறீங்க!

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு அதுகூட வைக்கவில்லை.