யூசுப்பின் கித்தார்ப் பெட்டி

1968 நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கடை திறக்கவில்லை. இடுப்பு வலி, சளி.

நேற்று காளையார்கோவிலில் கல்யாண வீட்டுக் கச்சேரி. யூசுப்பின் கித்தாருக்கு நான் செய்து கொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபையர் பெட்டி மறுபடியும் மானத்தை வாங்கியது. முதல் மூன்று பாட்டு சுத்தம். நாலாவதில் நாதம் மங்கத் தொடங்கி, பிறகு பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. கடைசியில் ஒரே கரகரப்பு. முன்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "அந்தத் தம்பி வாசிக்கிறாகளா, தகரத்தப் பெறாண்டுறாகளா?"

ஆர்மோனிய வாத்தியார்தான் குழுவுக்குத் தலைவர். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் என்னிடம்: "ஆசாரியாரே, கார்த்திகை மொத முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்புடித்தான்னா மதுரையிலருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேன். அவரு சொந்தமாச் சீமைப் பெட்டி வச்சிருக்காரு."

யூசுப் பக்கத்திலேயே நின்றான். பெட்டி நனையாமல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தான். "பாத்துக்கலாம்ணே" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். போகப்போவது அவன் இடம், ஆறுதல் எனக்கு.

பார்க்க வேண்டியவை: கன்டென்சர். அவுட்புட் வால்வு. ஸ்பீக்கர் காகிதம் கிழிசலா? வீட்டில் இவளுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 6, புதன்

மழை விட்டு விட்டு. காலையில் ஒரே ஒரு ரேடியோ வந்தது. உள்ளே பல்லி, செத்து வெகுநாள்.

மா. 3 மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். கன்டென்சர் இரண்டும் புதிது. ஒரு ரெசிஸ்டர் மாற்றினேன். நாதம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று டோன் கன்ட்ரோலின் மதிப்பையும் கூட்டினேன். பாகங்களைத் தாங்கும் அட்டையில் பற்றவைத்த இடமெல்லாம், ஈயம் பிடிக்கத் தடவிய பேஸ்ட் பழுப்பாக ஒழுகியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. வழக்கம்போல், நகைக்கு அழுக்கெடுக்கிற பூவந்திக்கொட்டைத் தண்ணீர் தொட்டு, நகைப் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, துணியால் ஒற்றி எடுத்தேன். ஒவ்வொரு முனையும் மூக்குத்திக் கல் மாதிரி நின்றது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து நகைப் பட்டறையை மூடிய பிறகு மதுரையில் ஆறு மாதம் ரேடியோ படித்தேன். அங்கே என் கூடப் படித்தவர்கள் பற்றவைத்ததெல்லாம் கோழி எச்சம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

யூசுப் தன் வீட்டு இரும்புக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். உள்ளே எட்டிப்பார்த்தவன், "உள்ளுக்கு இம்புட்டு அழகா இருக்கு, வெளிய வந்தா ஏண்ணே இப்புடி அழுகுது?" என்றான். ஒரு மணி நேரம் வாசித்தான். பிறகு அதே பானை, அதே தலை.

கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. துணி காயவில்லை, தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. இவள் குன்றக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய் நனைந்து திரும்பினாள். கோபம் என்மேல். மழையை நானா பெய்யவைத்தேன்.

அவுட்புட் வால்வு மாற்றினேன். பயனில்லை. கால் மணியில் வால்வுக்குள் தகடு சிவப்பாகப் பழுத்தது. பயந்து அணைத்தேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு வயரைத் திருப்பி முன்வால்வுக்குக் கொடுத்துப் பார்த்தேன், நாதம் கட்டுப்படும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஊளையிட்டது. வயரைப் பிடுங்கினேன். மறுபடி பற்றவைப்பு, மறுபடி அலசல். போன தடவையைவிட மோசம். கையை வைக்க வைக்கக் கெட்டுப்போகிறது.

அலுப்பு. படித்தது இவ்வளவுதான் போல.

யூசுப் தேநீர் வாங்கி வந்தான். பினாங்கிலிருந்து மாமு மறுபடி கடிதம் போட்டிருக்கிறாராம், வந்து கடையைப் பார்த்துக்கொள் என்று. பாஸ்போர்ட் எடுத்தே ஒரு வருஷம் ஆகிறது.

"என்ன எழுதப்போற?"

"என்னத்த எழுத. கித்தாரு இருக்கேண்ணே. அங்குட்டுப் போயி அரிசி மூடைமேல உக்காந்தா வாசிக்கிறது?"

சிரித்தான். அவன் அத்தாவுக்கு இதில் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். குழுவில் இடம் இருக்கிறவரைதான் வீட்டில் அவன் பேச்சு எடுபடும்.

நவம்பர் 10, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை முதல் இருவரும் பெட்டியோடு. ஸ்பீக்கரை மாற்றினோம். மின்சாரம் குறைவோ என்று டிரான்ஸ்பார்மரைப் பார்த்தோம். எனக்கு ஒரு ஷாக், முழங்கை வரை. மாலை 4 மணிக்கு, அவன் வாசிக்க வாசிக்க அது மங்கிக்கொண்டே போக, "இப்ப என்னண்ணே மாத்தலாம்?" என்று கேட்டான். பொறுமையாகத்தான் கேட்டான்.

என் வாயில் வந்தது: "பெட்டியில மாத்த இனிமே ஒன்னுமில்ல. எல்லாம் புதுசு. உன் விரல்லதான்டா இருக்கு. அழுத்தம் பத்தல, ஓட்டம் பத்தல. சீமைப் பெட்டி குடுத்தாலும் உனக்கு இப்புடித்தான் கேக்கும்."

எனக்கு ஆர்மோனியத்துக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் விரலைப் பற்றி நான் பேசுகிறேன்.

அவன் இடது கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தான். "அப்புடியாண்ணே" என்றான். கித்தாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

உள்ளேயிருந்து இவள்: "அந்தப் புள்ளைய ஏன் கடிக்கிறீக?"

பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தூறல். யூசுப் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வருவான் என்று இரண்டு டம்ளர் எடுத்துவைத்தேன்.

செக்காலை ரோட்டு ரேடியோ முடிந்தது. தாழ்ப்பாள் திருகு இரண்டு வாங்க வேண்டும். யூசுப் வீட்டு இரும்புக் கடையில்தான் வாங்க வேண்டும். போகவில்லை.

நவம்பர் 13, புதன்

இவள் காலையில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"தலைக்குத் தேய்க்க வீட்டுல ஒரு பூவந்திக்கொட்டை இல்ல. அம்புட்டையும் அந்தப் பெட்டிக்கே ஊத்திக் குளிப்பாட்டிட்டீக. கரண்டு ஓடுற சாமானத் தண்ணியில கழுவுறத நான் எங்கயும் கண்டதில்ல."

"காஞ்ச பொறவுதான் போடுறேன்" என்றேன்.

"எங்க காயுது? பத்து நாளாக் கொடியில என் சேல காயல."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மீட்டரை எடுத்தேன். அவுட்புட் வால்வில் நாதம் உள்ளே நுழைகிற கிரிட் முனையில் வோல்ட்டே இருக்கக்கூடாது. ஒன்பது காட்டியது. முன்னாலுள்ள கன்டென்சர் கசிந்தால் அப்படி வரும், ஆனால் அது போன வாரம் போட்டது. அதையே வெட்டி எடுத்துவிட்டு மீட்டரை மறுபடி வைத்தேன். ஒன்பது. பக்கத்து முனையில் இருநூற்றைம்பது வோல்ட். நடுவில் கம்பியில்லை, கன்டென்சர் இல்லை, வெறும் அட்டை. அந்த அட்டை வழியாகத்தான் மின்சாரம் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பேஸ்ட்டும் பூவந்தித் தண்ணீரும் அட்டைக்குள் இறங்கி, மழை ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வால்வு பழுத்தது அதனால். நாதம் செத்தது அதனால். ஒவ்வொரு தடவையும் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து, முடிவில் நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

மதுரையில் கோழி எச்சம் போட்டவர்கள் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். பளபளப்பைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. நகை செய்கிற பத்தர் மகனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

முக்காலியில் உட்கார்ந்தேன். அட்டையைப் பெட்டியிலிருந்து கழற்ற ஆரம்பித்தேன்.

நவம்பர் 14, வியாழன்

புது அட்டை. பழையதை அடுப்பில் போட்டேன். பேஸ்ட் தொடவில்லை, ஈயம் பிடிக்கக் குங்கிலியம் மட்டும். எல்லா முனையிலும் பழுப்புக் கட்டி. அலசவில்லை. இரண்டு தடவை கை தானாகப் பிரஷ்ஷிடம் போனது. பிரஷ்ஷை இவளிடம் கொடுத்து, எங்கேயாவது ஒளித்துவை என்றேன். "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள், ஆனால் ஒளித்துவைத்தாள்.

பார்க்க அருவருப்பாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

கிரிட்டில் வோல்ட் இல்லை. கா. 10 முதல் மா. 4 வரை, கொட்டுகிற மழையில், கிராமபோன் கம்பியை மாட்டி ஓடவிட்டேன். தட்டுதான் தேய்ந்தது. நாதம் ஒரு மயிரிழை மங்கவில்லை. அடியில் தேன் மாதிரி ஒரு கனம், மேலே தெளிவு. நான் செய்ததா இது? இவளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். ஒரு நிமிடம் இடுப்பு வலிகூட இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

மழை இல்லை. மேகம் மட்டும்.

தொழுகை முடிந்து வருகிற நேரம் பார்த்து இரும்புக் கடைக்குப் போனேன். யூசுப் கல்லாவில் இருந்தான். "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்றான். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற மாதிரி. பெட்டி சரியாகிவிட்டது, கித்தாரை எடுத்துக்கொண்டு வா என்றேன். வந்தான்.

முக்கால் மணி நேரம் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு. தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் நின்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, தண்ணீர், மீட்டர், எல்லாம். "உன் விரல்ல ஒரு குத்தமும் இல்லடா. எங்கிட்டத்தான். அன்னைக்கு அலுப்புல பேசிட்டேன். தப்புதான்" என்றேன். பெற்ற பிள்ளையிடம்கூட நான் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை.

"நல்லா இருக்குண்ணே பெட்டி" என்றான். பெட்டியிலிருந்து கம்பியைக் கழற்றினான்.

"வாத்தியார்ட்ட நானே வந்து சொல்றேன், வா."

"மதுரை ஆளுக்குச் சொல்லியாச்சுண்ணே. நாந்தான் வரச் சொன்னேன். மாமுவுக்கும் செவ்வாக்கெழமையே கடுதாசி போட்டுட்டேன். நாகப்பட்டினத்துல கப்பலு, அடுத்த மாசம். அத்தாவுக்கு ரொம்பச் சந்தோசம்."

"மாமுவுக்குத் தந்தி அடிப்போம். இப்பவே போவோம், தபாலாபீசு தெறந்துதான இருக்கும். வரலன்னு ஒரு வரி."

அவன் கித்தாரைத் துணியில் சுற்றி, முடிச்சைப் போட்டான். அவிழ்த்து மறுபடி போட்டான்.

"திங்கக்கெழம பூராவும் வெறுங் கித்தாருல வாசிச்சுப் பாத்தேண்ணே, பெட்டி இல்லாம. நீங்க சொன்னதுக்கப்பறம் எனக்கும் அப்புடித்தான், விரல்ல அழுத்தம் பத்தாமக் கேட்டுச்சு. இப்ப வாசிச்சேன்ல, இதுலயும் கேட்டுச்சு."