முன்னாடி ரீலில் வருவது

அண்ணா,

இன்று மதியமும் லிஃப்ட் யாரும் கூப்பிடாமல் தானாக எங்கள் வார்டு இருக்கும் நான்காவது மாடிக்கு வந்து நின்றது. கதவு திறந்தது, உள்ளே ஆள் இல்லை. கன்னடத்தில் ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொன்னது. மெக்கானிக் நேற்றே வந்து பார்த்துவிட்டு, "சென்சார் பிராப்ளம் மேடம்" என்று சொல்லிப் போய்விட்டான். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. அந்த வெறும் பெட்டிக்குள்ளிருந்து கிரீஸும் பீடியும் கலந்த உங்கள் காக்கிச் சட்டை வாசனை வந்தது. புது லிஃப்டில் கிரீஸ் வாசனை எங்கிருந்து வரும்? நான் ஜெபம் பண்ணுகிற பொம்பளை, ஆவி கீவி என்று பேசினால் எங்கள் ஃபாதரே திட்டுவார். ஆனாலும் கதவு மூடும் வரைக்கும் நகராமல் நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

உங்களிடம் ஒரு காட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனையோ வருஷம் நீங்கள் சொல்ல நான் கேட்டேன். இந்த ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

நீங்கள் ஓட்டின பழைய லிஃப்டைக் கழற்றிக் குப்பை மாதிரி லாரியில் ஏற்றிப் போனார்கள். இழுத்து மூடுகிற அந்த இரும்புக் கதவின் கடகடச் சத்தம் போனதும் இந்த ஆஸ்பத்திரிக்கே தொண்டை கட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருந்த மர ஸ்டூலை மட்டும் நான் சண்டை போட்டு வாங்கி, வார்டில் துணி அடுக்கும் அறையில் வைத்திருக்கிறேன். "எதுக்கு சிஸ்டர் அந்த ஓட்டை ஸ்டூல்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா.

ஆற்றுத் தண்ணீர்த் தகராறு கிளம்பினால் மைசூரில் முதலில் நிற்பது தமிழ்ப் படம்தான். மற்ற நாளிலும் எனக்கு டியூட்டி, வீடு, சர்ச் என்று ஓடும். தியேட்டர் பக்கம் போனதில்லை. நீங்கள் லீவுக்கு உங்கள் ஊர் ராமாபுரம் போவீர்கள். அங்கிருந்து பர்கூர் மலை இறங்கி அந்தியூர் போய் ஒரு படம் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். அப்புறம் அந்தப் படம் லிஃப்டுக்குள் ஓடும். கீழ்த்தளத்தில் டைட்டில், இரண்டாவது மாடியில் இன்டர்வெல், நான்காவது மாடியில் கதவைத் திறந்துவிட்டு "மீதி இறங்கறப்ப" என்பீர்கள். நடுவில் டாக்டர் யாராவது ஏறினால் போதும், முகம் அப்படியே காலண்டர் சாமி மாதிரி ஆகிவிடும். அவர் இறங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடங்குவீர்கள். லேபுக்குப் போகிற சாம்பிளை அட்டெண்டரிடம் கொடுக்காமல் நானே தூக்கிக்கொண்டு திரிந்தது வேறு எதற்கு?

பந்திக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீட்டில் அவள் ரசம் ஊற்றிக்கொண்டே வருகிறாள். வரிசையின் கடைசியில் அவளைக் கட்டிக்கொள்ளாமல் போனவன் உட்கார்ந்திருக்கிறான். "இலைக்கு மேல கைய வெச்சு மூடிட்டானுங்க சிஸ்டரு. அவ ஊத்தவும் இல்ல, நகரவும் இல்ல. பின்னால சாம்பார்க்காரன் நின்னு கத்தறான்" என்று சொல்லிவிட்டு, உங்கள் கையை லிஃப்ட் பொத்தான்களின் மேல் குடை போல விரித்து வைத்துக் காட்டினீர்கள். மூன்றாவது மாடியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், நீங்கள் கையை எடுக்கவில்லை. அதே படத்தைப் பிற்பாடு டிவியில் பார்த்தேன். காட்சி வந்ததே தெரியவில்லை, பின்னணியில் ஒரே மேளம். அந்த டைரக்டருக்கு நீங்கள் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

சாமிக் குடை பிடித்த திருடன் காட்சியும் அப்படித்தான். போலீஸுக்குப் பயந்து ஊர்வலத்துக்குள் புகுந்தவன் கையில் யாரோ குடையைக் கொடுத்துவிடுகிறார்கள். விட்டுவிட்டு ஓட முடியவில்லை. ஊர் சுற்றி முடிக்கும்போது அவனுக்கே பக்தி வந்துவிடுகிறது. அதைச் சொல்லும்போது நீங்கள் ஐவி ஸ்டாண்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். தையல் போட்டிருந்த ஒரு நோயாளி சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உங்களை மேலே கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

ஒரே ஒரு படத்தைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே பஞ்சர் கடை. அதன் ஓரமாக ஒருத்தன் நிற்கிறான். பள்ளிக்கூடம் விடுகிறது. ஒற்றை ஜடை போட்ட சின்னப் பெண் வெளியே வந்து, டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த சோற்றை வாசலில் இருக்கும் நாய்க்குப் போடப் போகிறாள். சும்மா போடவில்லை. உருண்டையைக் காதோரம் தூக்கிப் பிடித்து, மற்றக் கையின் விரலால் தரையைக் காட்டி, "மொதல்ல உக்காரு. அப்பறந்தான்" என்கிறாள். நாய் உட்கார்ந்த பிறகுதான் சோறு. அப்புறம் அவள் மாமன் மொபட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறான். எதிரே நின்றவன்தான் அவளைப் பெற்ற அப்பன். அவன் சாலையைக் கடந்து வந்து, கையில் வைத்திருந்த தேன்மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நாயிடம், "உக்காரு" என்கிறான். நாய் உட்காருகிறது. அதற்கே எல்லாத்தையும் கொடுத்துவிடுகிறான்.

"அவ்வளவுதானா? பெத்த பிள்ளைதானே, கூப்பிட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?" என்று நான் பாய்ந்தேன்.

"கூப்புடக்கூடாதுன்னு இருக்குதுங்க சிஸ்டரு. அது முன்னாடி ரீல்ல வருது."

"முன்னாடி ரீல் சொல்லுங்க அப்போ."

"நான் உள்ள போறப்ப அது முடிஞ்சுபோச்சுங்க."

படத்தின் பேரும் தெரியாது என்றீர்கள். ஆனால் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி மறுபடி சொன்னீர்கள். ஒரு தடவை நான் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, போன தடவை ஒத்த ஜடைன்னீங்க, இப்போ ரெட்ட ஜடைங்கறீங்க. ஹௌதா? ஆமாவா இல்லையா?"

"வளந்துட்டாளே சிஸ்டரு," என்றீர்கள். சொல்லிவிட்டு இரும்புக் கதவை வேகமாக இழுத்தீர்கள். உங்களுக்கு வயசாகிறது, இரண்டு படத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு நாள், அவள் தாவணி போட்டுப் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போய்விட்டாள், வாசலில் நாய் மட்டும் இருந்தது, படம் முடிந்துவிட்டது என்றீர்கள். அதோடு அந்தியூர் போவதையும் நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்கு யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். ரிட்டயர் ஆகி ராமாபுரம் போனீர்கள். நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்ற சேதியை உங்கள் ஊருக்குப் பக்கத்து ஹனூர்க்கார ஆயாதான் கொண்டுவந்தாள். அன்றைக்கு நான் லிஃப்டில் ஏறவில்லை, படியிலேயே நடந்தேன்.

அந்தப் படத்தை எவ்வளவு தேடினேன் தெரியுமா? ஃபோனில் கிடைத்த பழைய படம் எல்லாம் பார்த்தேன். படம் பைத்தியங்களிடம் விசாரித்தேன். பஞ்சர் கடை, நாய், தேன்மிட்டாய் என்று ஆரம்பித்தாலே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

போன வாரம் ஒரு பெண் வார்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உங்கள் பெயரைச் சொல்லி, "அவரு இங்க லிஃப்டுல இருந்தாருன்னு சொன்னாங்க. பழக்கமானவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். "நீங்க யாரம்மா?" என்றேன்.

"மகளுங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்க வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். நீங்கள் குடித்த காலத்தில் அவள் அம்மா கைக்குழந்தையோடு அந்தியூரில் பிறந்த வீட்டுக்குப் போனதையும், பெரியவர்கள் உங்களை மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். மகளிடம் பேசக்கூடாது, வாசப்படி மிதிக்கக்கூடாது. நீங்கள் குடித்து நான் பார்த்ததே இல்லையே என்றேன். அவள் அதை நம்பின மாதிரி தெரியவில்லை.

"சத்தியம் பண்ணுனா பேச வேண்டாமுங்க, அது சரி. ஒரே ஒருக்கா தூரத்துல நின்னாச்சும் என்னைப் பாத்திருக்கலாமில்லைங்க? பாத்தாருன்னு யாராச்சும் சொன்னாப் போதும், போயிருவேன். அதுக்குத்தான் வந்தனுங்க."

எனக்கு என்ன தெரியும்? சமாதானமாக ஏதோ சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் குழந்தை கீழே இறங்கி, வார்டுக்குள் ஓடப் பார்த்தது. அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். காதோரம் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையின் விரல் தரையைக் காட்டியது.

"மொதல்ல உக்காரு. அப்பறந்தான்."

அண்ணா, அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அதே உயரம், அதே விரல். உங்கள் காக்கிச் சட்டைக் கையில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், எத்தனை தடவை.

"உங்க ஸ்கூல் எதிர்ல பஞ்சர் கடை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. உங்களுக்கு எப்புடிங்க..."

"வாசல்ல நாய்?"

அவள் குழந்தையை மறுபடி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் துணி அறைக்குப் போய் ஸ்டூலை எடுத்து வந்தேன். லிஃப்டுக்குள் போட்டேன், அவளையும் குழந்தையையும் உள்ளே கூப்பிட்டேன். செக்யூரிட்டி கத்தினான், கத்தட்டும் என்று விட்டேன். உங்கள் காட்சியை உங்கள் மாதிரியே சொன்னேன். இறங்கும்போது ஒற்றை ஜடை, ஏறும்போது ரெட்டை ஜடை, மறுபடி இறங்கும்போது தாவணி. உங்கள் அளவுக்கு எனக்கு வராது. ஆனால் ஒன்றையும் விடவில்லை.

தேன்மிட்டாய் என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரொரு நாளு காலைல அந்த நாயோட வாயெல்லாம் பிசுபிசுன்னு இருக்குமுங்க, எறும்பு மொய்க்கும். பஞ்சர் கடைக்காரரு கூடப் போயிச் சண்டை போடுவனுங்க, எதுக்கு நாய்க்கு இனிப்பப் போடறீங்கன்னு. அவரு ஒண்ணும் பேச மாட்டாரு, சிரிப்பாரு." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். யூனிஃபார்மில் அழக்கூடாது என்று டிரெயினிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்.

இத்தனை நாள் நான் தேடிய முன்னாடி ரீல் அவளிடம் இருந்தது. அவள் தேடியது என்னிடம் இருந்தது. பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கினவர்கள் பார்க்கக்கூடாது என்று சேர்க்க மறந்துவிட்டார்கள். நீங்கள் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு வருஷம் நின்றிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சினிமா என்று ஏன் அண்ணா சொன்னீர்கள்?

இனி நீங்கள் பார்க்காத காட்சி.

கீழ்த்தளத்தில் அவளும் குழந்தையும் இறங்கினார்கள். ஸ்டூலில் உட்காரச் சொல்லியும் அவள் கடைசி வரை உட்காரவில்லை. நான் உள்ளேயே நின்றேன். ஹாலைத் தாண்டி வெளி வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். நடுவில் ஜனம், ஸ்ட்ரெச்சர், வீல்சேர். அந்தப் பக்கத்திலிருந்து காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். லிஃப்டில் அந்தக் கன்னடக் குரல் கதவு மூடப்போகிறது என்றது. கதவு பாதி மூடியபோது அவள் கூப்பிட்டாள்.

"அப்பா."

சத்தமாகவெல்லாம் இல்லை. வாசலில் நிற்கிறவரை மெதுவாகக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாகத்தான். கதவு மூடிவிட்டது. நான் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. லிஃப்ட் தானாகவே மேலே ஏறியது.

அன்றிலிருந்துதான் அது இப்படி யாரும் கூப்பிடாமல் நான்காவது மாடிக்கு வந்து வந்து நிற்கிறது. மெக்கானிக் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கதவு திறக்கும்போதெல்லாம் நான் உள்ளே பார்த்து இதைத்தான் சொல்கிறேன். அவள் கூப்பிட்டாள் அண்ணா, நான் கேட்டேன்.