முதலில் பார்த்தவருடைய கரடி

நுவுக்தாலிக்
செப்டம்பர் 24

அன்புள்ள அப்பா,

தெற்கே டாக்டர்கள் உங்கள் காலை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா? படகுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிய கால் அவ்வளவு சீக்கிரம் சரியாகாது என்று இங்கே நர்ஸ் சொன்னாள். ஃபோன் செய்தால் என் மூச்சு மட்டும்தான் கேட்கிறது என்று கோபித்துக்கொண்டீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் குரலைக் கேட்பதில்லை.

மியாலி அத்தை ஊராட்சித் தலைவி என்ற தோரணையோடு வீட்டுக்கு வந்து, உங்கள் ஆரஞ்சுச் சட்டையை என் மேல் போட்டுவிட்டாள். "உங்கப்பன் வர்ற வரைக்கும் கரடிக் காவல் நீதான். பதினேழு வயசாச்சுல்ல, போதும்." சட்டை முழங்கால்வரை வருகிறது. நாலுசக்கர வண்டி, துப்பாக்கி, சத்தம் மட்டும் போடும் வேட்டுத் தோட்டா எதுவும் எனக்குப் புதிதில்லை. வாக்கிடாக்கிதான் கஷ்டம். அதில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே கேட்கும். அதனால் கரடியைப் பார்த்தால் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறேன். டிக், டிக். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே எல்லோரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். "சத்தமா வாசிக்கச் சொன்னாங்கன்னு பள்ளிக்கூடத்தையே விட்டவ. டிக் டிக்காவது வருதே," என்கிறாள் அத்தை.

ஒரு தாய்ப் பனிக்கரடி வந்திருக்கிறாள். கூடவே இரண்டு குட்டிகள், இரண்டாவது இலையுதிர்காலத்தைப் பார்க்கிற வயது. ஜூலைக் கடைசியில் கடற்பனி உடைந்ததும் கரையேறியிருப்பாள். அப்போதிலிருந்து சீல் கிடையாது, உடம்புக் கொழுப்புதான் சாப்பாடு. குட்டிகளுக்குப் பாலும் அதிலிருந்துதான். ஆகஸ்டில் நீங்களும் தாமசியும் கரையோரச் சரளையில் வால்ரஸ் இறைச்சியை அதன் தோலிலேயே மூட்டையாகத் தைத்துப் புதைத்தீர்களே, அந்த இகுனாக் இப்போது நொதித்து வாசனை விட ஆரம்பித்துவிட்டது. அவள் தாமசியின் குழியில் ஒரு மூலையைத் தோண்டிவிட்டாள். தாமசி என்னிடம் வந்து, "மாமா, உங்க விருந்தாளிங்க என் இகுனாக்கைத் தின்ன வருதுங்க. இன்னொரு தடவை வந்தா மூணையும் சுட்டுருவேன், சொல்லிட்டேன்," என்றார். அவர் மாமா என்று கூப்பிட்டாலே எனக்குக் காது சிவந்துவிடுகிறது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றையும் சுட்டால் ஊருக்கு இந்த வருடம் கொடுத்த கரடி வேட்டை அனுமதிச் சீட்டுகளில் மூன்று போய்விடும். குளிர்கால வேட்டைக்கு என்ன மிஞ்சும்? அதைவிட, அந்தக் குட்டிகளில் ஒன்று என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது அப்பா. கடல் உறையும்வரை இவர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்,
நுத்தராக்


ஒட்டாவா
அக்டோபர் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

உன் மகன் எழுதுவது. உறையின் மேல் 'என் அப்பாவுக்கு' என்று நான் எழுதியதைப் பார்த்த இங்குள்ள நர்ஸ், அந்த அப்பாவின் வயதைக் கேட்டாள். பதினேழு என்றேன். மாத்திரையைக் குறைக்க வேண்டுமோ என்று டாக்டரைத் தேடிப் போய்விட்டாள். இறந்துபோன என் அப்பாவின் பெயரைத்தான் உனக்கு வைத்தோம், எங்கள் வழக்கத்தில் பெயரோடு உறவும் வரும், அதனால் நீ எனக்கு அப்பா, அவருடைய தங்கை மகன் தாமசிக்கு நீ தாய்மாமன் என்று உட்கார வைத்து விளக்கினேன். "அப்ப உங்க பொண்ணு உங்களை மகனேன்னு கூப்பிடுவாளா?" என்று கேட்டாள். இல்லையம்மா, அவளுக்கு வெட்கம் ஜாஸ்தி, பதினேழு வருடமாகக் காத்திருக்கிறேன் என்றேன்.

இங்கே மீன் வெள்ளை, சோறு வெள்ளை, சுவரும் வெள்ளை. இகுனாக் என்ற வார்த்தையைப் படித்ததும் வாயூறிவிட்டது.

இப்போது வேலைக்கு வருவோம். வேட்டுத் தோட்டா கரடிக்கும் உனக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். அவளைத் தாண்டி விழுந்தால் சத்தத்துக்குப் பயந்து உன் பக்கமே ஓடி வருவாள். முகத்தைப் பார்த்து எடை போடாதே, பின்புறத்தைப் பார். உருண்டையாக இருந்தால் கவலையில்லை. இடுப்பெலும்பு துருத்தினால் எனக்கு உடனே எழுது. அவளைப் பற்றி இளக்காரமாக எங்கேயும் பேசாதே, கரடிக்குக் காது உண்டு. நீ பேசுகிறவள் இல்லை என்பதால் பாதி வேலை முடிந்தது.

தாமசி நல்லவன்தான். சிறுவயதில் ஒருமுறை நான் கரடியைப் பார்த்துக் கத்தினேன், குறி பார்த்துச் சுட்டது அவன். முதலில் பார்த்தவருக்குத்தானே கரடி, தோலை என் தோளில் போட்டார்கள். அன்று தூக்கிய மூஞ்சியை அவன் இன்னும் இறக்கவில்லை.

உன் மகன்,
இக்குமாக்


நுவுக்தாலிக்
அக்டோபர் 8

அன்புள்ள அப்பா,

முதலில் ஒரு செய்தி. திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டிவிடுங்கள். உங்கள் இகுனாக்கை இடம் மாற்றிவிட்டேன்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை அந்தத் தாய் மறுபடி வந்தாள். வண்டியை முறுக்கி விரட்டினேன். ஓடினாள், குட்டிகளும் ஓடின. குன்றுக்கு அப்பால் சின்னக் குட்டி நாய்மாதிரி வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தாய் திரும்பி வந்து அதன் பக்கத்தில் நின்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு ரோமத்துக்குள் ஓடினால் உடம்பு கொதிக்காதா? சாப்பாடு இல்லாத நாளில் துரத்தித் துரத்தி அவளுடைய கொழுப்பை நானே கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவள் நம்மைத் தேடி வரவில்லை, குழியைத் தேடி வருகிறாள். நீங்கள் சிறுவனாக இருந்தபோது வாசனை கிளம்புவதற்குள் கடல் உறைந்துவிடும், கரடிகள் சீலைத் தேடிப் போய்விடும். இப்போது வாசனை முந்திக்கொள்கிறது, பனி பிந்தி வருகிறது. இடம் மட்டும் பழைய இடம்.

மியாலி அத்தையின் படகில் நம் மூட்டையைத் தையல் பிரிக்காமல் ஏற்றி, வெளித்தீவின் அந்தப் பக்கத்தில் புதைத்து, தூக்க முடிந்த கற்களையெல்லாம் மேலே குவித்தோம். அங்கே காற்று வாசனையைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடும். அவள் நீந்தியே கண்டுபிடித்தாலும் அங்கே சுடுவதற்கு ஆளில்லை. நமக்கு இகுனாக் போகும், அவ்வளவுதான்.

தாமசி மாட்டேன் என்றுவிட்டார். "எங்கம்மா காலத்துலேர்ந்து அங்கதான் புதைக்கிறோம். இடத்தைக் காட்டினதே நீங்கதானே மாமா? மறந்துட்டீங்களா? ஆமா, நீங்க அப்ப வேற உடம்புல இருந்தீங்க." எல்லோரும் சிரித்தார்கள். குழியின் பக்கத்திலேயே துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருக்கிறார்.

அவள் பின்புறம் இன்னும் உருண்டைதான். ஆனால் பக்கவாட்டில் தோல் கொஞ்சம் தொங்குகிறது.

உங்கள் மகள்,
நுத்தராக்


ஒட்டாவா
அக்டோபர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

யாரைக் கேட்டு என் இகுனாக்கைத் தொட்டாய்? திட்டிவிட்டேன், முடிந்தது. நல்ல காரியம் செய்தாய். இத்தனை வருடமாகக் கரடிகளைக் குழியிலிருந்து விரட்டினேனே தவிர, குழியைக் கரடிகளிடமிருந்து நகர்த்தலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தாமசியிடம் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். நான் சொன்னால் கேட்கமாட்டான், மியாலி சொன்னால் எதிர்ப்பேச்சு பேசுவான். வாழ்நாளில் அவன் பயந்தது தன் தாய்மாமனுக்கு மட்டும்தான். அந்த மாமா இப்போது என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

கால் அப்படியேதான் இருக்கிறது. நாளை மறுபடி கத்தி வைக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன் மகன்,
இக்குமாக்


நுவுக்தாலிக்
அக்டோபர் 26

அன்புள்ள அப்பா,

இந்நேரம் மியாலி அத்தை ஃபோனில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவள் எப்போதும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் குப்பைமேட்டுச் சாலையில் இருந்தேன். குன்றின் தோளில் மூன்று மஞ்சள் புள்ளிகள் இறங்கின. டிக், டிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கரைக்கு விட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது தாய் தாமசியின் குழிக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குட்டிகள் அவள் பின்னால் நின்றன. நாய்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தன. தாமசி துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார்.

"விலகுங்க மாமா."

வாக்கிடாக்கியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். பொத்தான் அமுங்கியே இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது. அந்தக் கரையில் நாங்கள் பேசியது ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மருமகனே," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "துப்பாக்கிய இறக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல அவர் முகம் மாறிவிட்டது.

"அது என் கரடி," என்றேன். "முதல்ல பாத்தது நான்."

"அதெல்லாம் இல்ல. சன்னல் வழியா நான்தான் முதல்ல பாத்தேன்."

அப்போதுதான் என் விரல் பொத்தானிலிருந்து நழுவியது. உடனே அவருடைய மனைவி எலிசாபியின் குரல் என் கையிலிருந்து கிளம்பியது. "பொய் சொல்லாத. ரெண்டு டிக் கேட்டப்புறம்தான் நீ எழுந்திரிச்சே பூட்ஸைத் தேடின. ஒண்ணு கட்டிலுக்கடியில கெடந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ஊரில் எத்தனை வாக்கிடாக்கி இருக்கிறதோ அத்தனையிலும் சிரிப்பு.

தாமசியின் கழுத்து சிவந்துபோயிற்று. "சரி. தோல் உங்களுதுதான் மாமா, யார் இல்லேன்னா? நான் சுட்டுத் தரேன், எடுத்துக்குங்க."

"தோல் அவ மேலயே இருக்கட்டும்," என்றேன். "அங்க வச்சா கெட்டுப்போகாது."

"பழைய மாமாவும் இப்படித்தான். நாலே வார்த்தை பேசுவாரு, நாலும் நம்ம தலையில விழும்," என்று தாமசி முணுமுணுத்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கினார். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு வேட்டு விட்டேன். அவள் பின்னங்கால்களில் எழுந்து எங்களை மோந்து பார்த்தாள், பிறகு குட்டிகளை முன்னால் விட்டுக் கரையோரமாக நடந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை. அவள் ஓடவில்லை, நடந்தேதான் போனாள்.

மறுநாள் காலை தாமசி தன் படகோடு நின்றார். "உங்க கரடிக்காக என் மூட்டைய நகர்த்தறேன். தீவுல கெட்டுப்போச்சுன்னா உங்க வீட்டுலதான் சாப்பாடு." நானும் கல் சுமந்தேன்.

இப்போது அவளுடைய பின்புறம் கொஞ்சம் தட்டையாகிவிட்டது. ஆனால் எலும்பு தெரியவில்லை. கரையோரம் கடல் கஞ்சிபோலக் கட்டிவருகிறது. பிழைத்துவிடுவாள் அப்பா. நிச்சயமாகச் சொல்கிறேன்.

கால் பற்றிப் பிறகு எழுதுவதாகச் சொன்னீர்கள்.

உங்கள் மகள்,
நுத்தராக்


ஒட்டாவா
நவம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உன் கடிதத்தை நர்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பூட்ஸ் வரும் இடத்தில் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உயிரோடு நிற்கும் கரடிக்கு 'முதலில் பார்த்தவருக்கே' என்ற சட்டத்தை இதற்குமுன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா இருந்திருந்தால் தொடையில் தட்டியிருப்பார். இருக்கிறாரே என்று நீ சொல்லலாம்.

கால் விஷயம். கணுக்காலில் இரும்பு வைத்துப் பூட்டிவிட்டார்கள். நடக்கலாம், ஆனால் இனி மடங்காது. வண்டியிலிருந்து குதிக்கிற வேலை எனக்கு முடிந்தது. முதல் வாரமே தெரியும். நீ பயத்தில் வேலை செய்யக் கூடாது, உன் இஷ்டத்தில் செய்ய வேண்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். நேற்று மியாலியிடம் சொல்லிவிட்டேன், அந்த ஆரஞ்சுச் சட்டையை வெட்டிச் சின்னதாகத் தைத்துவிடு என்று. உனக்கு விருப்பம் இருந்தால் மட்டும். பள்ளிக்கூடத்தில் உன்னை ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வண்டியில் பின்னால் ஒரு ஆள் உட்கார இடம் இருக்குமா? கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று சத்தியம் மட்டும் செய்யமாட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் வருகிறேன்.

உன் மகன்,
இக்குமாக்


நுவுக்தாலிக்
நவம்பர் 9

அன்பு மகன் இக்குமாக்குக்கு,

கடல் உறைந்துவிட்டது. இன்று காலை அவள் போய்விட்டாள். முதலில் முன்னங்காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பனி வளைந்தது. உடனே கால்களை அகல விரித்து வயிற்றால் தவழ்ந்தாள், கெட்டியான இடம் வந்ததும் எழுந்து நடந்தாள். குட்டிகள் அவள் செய்ததையே செய்தன. சின்னது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. தாமசி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "உங்க தோல் நடந்து போகுது மாமா," என்றார். போகட்டும் என்றேன்.

சட்டையை அத்தை நேற்றே வெட்டிவிட்டாள். கை இப்போது சரியாக வருகிறது. மிச்சத் துணியை எறியவில்லை, வண்டியின் பின்னிருக்கைக்கு மெத்தையாகத் தைத்து வைத்திருக்கிறேன். மடங்காத காலை நீட்டிக்கொள்ள ஒரு பலகையும் அடித்தாயிற்று.

இந்தக் கடிதத்தைப் பைலட்டிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ அங்கிருந்து கிளம்புவதற்குள் உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை தாமசியும் எலிசாபியும் ஊரில் பாதிப்பேரும் ஓடுபாதையில் நிற்பார்கள். எல்லோருக்கும் முன்னால் போய் மேட்டில் நான் நிற்பேன். விமானம் தெரிந்ததும் டிக், டிக் கொடுப்பேன். யாரும் வாதாட முடியாது. முதலில் பார்த்தவருக்குத்தான் சொந்தம், மகனே.

உன் அப்பா,
நுத்தராக்