கொக்கி காலியாக இருந்த அன்று

லொறிச் சத்தத்திலேயே வீட்டுக்கு வருவதைச் சொல்லிவிடும் என் அண்ணனுக்கு,

நாளைக்கு ஆயுத பூசை. நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. உங்கள் தேயிலைக் கொழுந்து லொறியைப் புது டிரைவர் கீழே பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் வளைவில் ஹோர்ன் அடிக்கத் தெரியவில்லை, பயந்து பயந்து அடிக்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

நான் இன்னும் அழவில்லை, அண்ணே. அண்ணிக்கு அதுதான் கவலை. "ஒரே ஒரு தடவ வாய்விட்டு அழுதுரு புள்ள, இல்லாட்டி நெஞ்சுக்குள்ளயே கட்டிப் போயிரும்" என்கிறார். நானா மாட்டேன் என்கிறேன்? காலையில் எழும்புகிறேன், பஸ் ஏறி ஹட்டனில் தையல் கடைக்குப் போகிறேன், சட்டைக்குக் கை வெட்டுகிறேன், திரும்பி வருகிறேன். சோறு சோறாகவே தெரிகிறது. அழுகை எங்கே போயிற்று என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாத மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள்.

நம் தோட்டத்துக்கு ஒரு பெட்டி வந்தது. திடீரென்று நெஞ்சு நின்று விழுந்தவருக்கு மின்சாரம் பாய்ச்சி இதயத்தை மறுபடி ஓட வைக்கப் பார்க்கிற பெட்டி. கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் சேர்ந்து வாங்கி அனுப்பினார்கள். மூடியைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். அதற்கு நாம் வைத்த பெயர் நெஞ்சுப் பெட்டி. தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டினார்கள். பழக்கிக் கொடுக்க வந்த நர்ஸ் அம்மா, விழுந்து கிடக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் நீங்கள்தான் முந்திக்கொண்டு போய்ப் படுத்தீர்கள். நாக்கை வேறு வெளியே தள்ளிக்கொண்டு கிடந்தீர்கள். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குக்கூட அப்படிப் படுக்காதீங்க" என்றார்.

பிறகு ஆயுத பூசை வந்தது. லொறி ஷெட்டில் வாழைமரம் கட்டி, லொறிக்கு மாலை போட்டு, ஜாக்கி, ஸ்பேனர், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தீர்கள். கடைசியாக டிஸ்பென்சரிக்குப் போய் நெஞ்சுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் கூட்டாளி பரமசிவம் அண்ணன், "இது எதுக்கு டிரைவரே?" என்று கேட்டார். "ஜாக்கிக்கே பொட்டு வைக்கிறோம். உசுரக் காப்பாத்துற சாமான விட்டுட்டா சாமி கோவிச்சுக்காதா?" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சரியாகத்தான் பட்டது. பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. அது நம் வழக்கம். பூசை முடிந்ததும் ஷெட்டைச் சாத்திவிட்டு எல்லாரும் கோயிலுக்குச் சாப்பிடப் போனோம்.

கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு கடலை தின்றுகொண்டிருந்தீர்கள். கடலை கையிலிருந்து சிந்தியது. அப்படியே சரிந்தீர்கள். வேடிக்கை காட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். நீங்கள் அப்படிப்பட்ட ஆள்தானே?

நர்ஸ் அம்மா காட்டியபடி ஒருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். "பெட்டி! பெட்டிய எடுத்தா!" என்று கத்தினார்கள். பரமசிவம் அண்ணன் பாய்ந்து ஓடினார். எங்கே தெரியுமா? டிஸ்பென்சரிக்கு. பெட்டி ஷெட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் பழக்கிக் கொடுத்த நாளிலிருந்து நம் எல்லாருடைய தலையிலும் பெட்டி என்றால் டிஸ்பென்சரிச் சுவர். போய்ப் பார்த்தார், கொக்கி காலி. வேறு யாரோ தனக்கு முந்தி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, அவர் நிம்மதியாகத் திரும்பி வந்தார், அண்ணே. "பெட்டி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் மண்டபத்துக்குள் நுழைந்தார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் ஷெட் ஞாபகம் வந்தது. மாலையோடும் சந்தனத்தோடும் பெட்டி வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் தன்மையாகத்தான் பேசினார். பெட்டி உடனே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். அந்த வாய்ப்பை என்ன செய்வது? எங்கே கொண்டு போய் வைப்பது?

கருமாதி முடிந்த பிறகு கோயிலில் கூட்டம் போட்டார்கள். பெட்டியை ஆபீசில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று தோட்டத் தலைவர் சொன்னார். "கண்ட எடத்துக்குத் தூக்கிட்டுப் போனதாலதானே இந்த வினை" என்றார். யார் தூக்கிக்கொண்டு போனது என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணி உட்கார்ந்திருந்ததால் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பரமசிவம் அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றார். அன்றிலிருந்து அவர் நம் லயத்து வீடுகள் பக்கமே வருவதில்லை.

எனக்கு அழுகைதான் வரவில்லை, கோபம் வந்தது.

"தூக்கிட்டுப் போனது எங்கண்ணன்தான்" என்றேன். "சாமி பேரச் சொல்லி, நல்ல மனசோடதான் தூக்கிட்டுப் போனாரு. இவருதான் கொக்கியப் பாத்துட்டுச் சும்மா வந்தாருன்னு பரமசிவம் அண்ணன ஒருத்தரும் பேச வேண்டாம். நானா இருந்தாலும் அங்கதான் ஓடியிருப்பேன். இப்ப பூட்டி வைக்கிறோம்ங்கிறீங்க. சாவி யாருகிட்ட இருக்கும்? சாவி வச்சிருக்கிறவரே விழுந்துட்டா என்னா செய்வீங்க?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணி, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அது வெளியிலயே இருக்கட்டும். எல்லாரும் தெனம் பாக்குற எடத்துல" என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

இப்போது பெட்டி பெரட்டுக் களத்தில் இருக்கிறது. காலையில் வேலை பிரிக்கும்போது அத்தனை பேரும் நிற்கிற இடம் அதுதானே, அதை மறக்க யாருக்கு முடியும்? மழை படாமல் தகரக் கூரை போட்டு, பூட்டில்லாத கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், "இந்த இடம் காலியாக இருந்தால் சத்தம் போடுங்கள்" என்று எழுதச் சொன்னேன். பெயின்ட் அடித்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெட்டி இருந்தால் அந்த எழுத்து தெரியாது, எடுத்தால்தான் தெரியும். பரமசிவம் அண்ணனுக்கு அன்று டிஸ்பென்சரிச் சுவர் ஒன்றும் சொல்லவில்லையே?

ஒவ்வொரு லயத்துக் கோடியிலும், கடைச் சுவரிலும், பீலிக்கரையிலும் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறோம். எல்லாம் பெரட்டுக் களத்தைக் காட்டும். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்" என்று ஒரு கிழவர் என் காதுபடச் சொன்னார். "கெட்டது எங்க வீட்டுக் கண்ணுதானே தாத்தா, மத்தவங்களுக்கு இருக்குல்ல?" என்றேன். மறுநாள் தன் வீட்டுச் சுவரிலும் ஓர் அம்பு போடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு எழுந்து, இன்று பொழுது சாய்வதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கோயில் மண்டபத்துக்குப் போய், நீங்கள் சாய்ந்திருந்த தூணடியில் நின்றேன். அந்தத் தூணிலும் ஓர் அம்பு இருக்கிறது. அதைப் பார்த்து நடந்தேன். அடுத்த அம்பு கடைச் சுவரில், அதற்கடுத்தது லயத்துக் கோடியில். பாதி வழியில் எனக்கே தெரியாமல் ஓடத் தொடங்கியிருந்தேன். தேயிலைக்குள்ளிருந்து யாரோ, "யாருக்கு என்னா?" என்று கத்தினார்கள். நான் நிற்காமல் ஓடினேன்.

பெரட்டுக் களத்தில் பரமசிவம் அண்ணன் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டு நின்றார். நாளைப் பூசைக்காம். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் பெட்டியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். "யாருக்கு? எங்க?" என்றார்.

"யாருக்கும் இல்லண்ணே. இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"இருக்கு தங்கச்சி" என்றார். பெட்டி இருந்தது, அண்ணே. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுததை அண்ணியிடம் அவரே போய்ச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நம் வாசல்படி ஏறினார்.

நாளைக்கு ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் ஷெட்டில் பொட்டு வைப்பார்கள். நெஞ்சுப் பெட்டிக்கும் நீங்கள் ஆசைப்பட்டபடி பொட்டு உண்டு. பெரட்டுக் களத்திலேயே, அதன் இடத்தில் வைத்து, நானே வைப்பேன். நான் இருக்கும் வரைக்கும் அதைப் பூசைக்கு எடுத்துப் போக விடமாட்டேன், பூசைதான் அதைத் தேடி வரும். யாராவது விழுந்தால் ஓடுகிறவர் வெறுங்கையோடு திரும்பி வரமாட்டார்.

இது சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் பிறந்து, உங்கள் லொறிச் சத்தத்துக்கு இன்னும் கதவைத் திறக்கிற
தங்கச்சி