சூடான அறை

அன்பு மகளுக்கு,

நீயும் மத்தியாஸும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த அன்று, அம்மா உங்களைக் கதவடியிலேயே நிறுத்திவிட்டாள். மத்தியாஸ் லைப்சிக் நகரில் தானே தயாரித்து எனக்கென்று கொண்டுவந்த பியர்ப் போத்தல்களை நான் வாங்கி நிலவறையில் வைத்தேன். போன கிழமை ஒன்றைத் திறந்தேன். நுரையே இல்லை.

மருமகனிடம் தொலைபேசியில் கேட்டேன். போத்தலுக்குள் இருந்து நுரையை உண்டாக்கும் ஈஸ்ட் குளிரில் உறங்கிவிட்டதாம். சூடான இடத்தில் வைத்துப் பொறுத்திருக்க வேண்டுமாம். நான் படிப்பித்த தமிழ்ப் பள்ளியிலும் பனிக்காலக் காலைகள் அப்படித்தான். அறை சூடாகும்வரை ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. அதட்டிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் சூடாக இருப்பது சாமி அறை மட்டுந்தான். அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

நேற்று நிலவறையில் போத்தல் பெட்டியைக் காணவில்லை. எறிந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“போத்தலெல்லாம் எங்கை?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“கத்தாதேங்கோ. சாமியறையிலை, கதவுக்குப் பின்னாலை. முருகன் பாக்காமல் சீலையாலை மூடியிருக்கிறன்.”

நானும் மருமகனும் தொலைபேசியில் கதைத்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, “எப்ப திறக்கலாமாம்?” என்றாள்.

“மூண்டு கிழமை செல்லுமாம்.”

“அப்ப அந்தப் பெடியனே வந்து திறக்கட்டும். தனிய வரச் சொல்லாதேங்கோ.”

உன் பெயரை அவள் சொல்லவில்லை, மகள். நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா