டைனமோ வேகத்தில் ஒரு ஞானப்பாட்டு

அக்கா,

இன்று மத்தியானம் நம் முதியோர் இல்லத்துக் கூடத்து அலுமாரியில் பாட்டுப் புத்தகம் தேடினேன். கைக்கு வந்தது பதினோராம் அறை அப்புவின் இசைத்தட்டு. பழைய மட்டையும் புகையிலையும் கலந்த வாசனை. உறையில் அந்த அமெரிக்கக் கன்ட்ரிப் பாடகர் கழுத்துப்பட்டி கட்டி, சிரித்தபடி நிற்கிறார். உள்ளே முழுவதும் பழைய ஞானப்பாடல்கள். திருப்பிப் பார்த்தால் உங்கள் கையெழுத்து. ஆங்கிலப் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதி, மேலே ‘சைவக்காரிக்கு’ என்று கோடிட்டிருக்கிறீர்கள்.

நாலாம் அறை அம்மா இறந்துவிட்டார், நாளை காலை பத்து மணிக்கு அவரை அனுப்புகிறோம். பாட்டை நான்தான் தொடங்கவேண்டுமாம். பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த முதல் வருடம் அது. நீங்களும் நானும் அப்புவின் கட்டிலை விரித்துக்கொண்டிருந்தோம். டென்மார்க்கின் மேற்குக் கரையில் நாற்பது வருடம் மீன்பிடித்த மனிதர் அவர். நீங்கள் ‘அப்பு’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைவிட அதற்கு விரைவாகத் திரும்பிப் பார்ப்பார். அன்று அவர் இந்தத் தட்டைப் போட்டார். நீங்கள் தலையணை உறையை அப்படியே பிடித்தபடி நின்றீர்கள்.

“இந்த மனிசனுக்கு என்ன அவசரம்? பஸ்ஸைப் பிடிக்கவோ ஓடுறார்?”

“ஆர் அக்கா?”

“இவர்தான். எனக்கு இவரின்ரை பாட்டு முழுக்கத் தெரியும். ஆனா இது அவரில்லை, அவரின்ரை தம்பியாக்கும்.”

பிறகுதான் கதை வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வருடங்களில், உங்கள் வீட்டில் இதே பாடல்களின் கசட் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

“பெடலைக் கையாலை சுத்துறது என்ரை வேலை. கை உளைஞ்சால் மனிசன்ரை குரல் கிணத்துக்கை இறங்கும். ‘பிள்ளை, ஆள் சாகப்போறார், சுத்து!’ எண்டு அப்பா கத்துவார்.”

நீங்கள் பாட்டைப் படித்ததே அந்தக் கை உளைந்த வேகத்தில்தான். அந்தக் கிணற்றுக் குரலோடு சேர்ந்து பாடிப் பாடி உங்கள் குரலும் அங்கேயே தங்கிவிட்டது. தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவினர் உங்களை ஆண்கள் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கோபமில்லையா என்று கேட்டேன். “ஏன் கோபம்? குளிருக்கு ஹீற்றர் அந்தப் பக்கம்தானே இருக்கு” என்றீர்கள்.

அப்பு தட்டை நிறுத்தி உங்களைப் பாடச் சொன்னார். பாடினீர்கள். ஒரு சரணம் முடிவதற்குள் நான் இரண்டு கட்டில் விரித்திருக்கலாம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். “தட்டு வேகமாகத்தான் ஓடுகிறது. எனக்கு எங்கேயும் போகிற அவசரம் இல்லை. என்னை அனுப்பும்போது நீதான் இதைப் பாடவேண்டும். உன் வேகத்தில்” என்றார். நீங்களும் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டீர்கள்.

இங்கே யாராவது இறந்தால், பெட்டி வண்டியில் ஏறுமுன் எல்லோரும் வாசலில் கூடி ஒரு பாட்டுப் பாடி அனுப்புவோம். வழக்கமாக ஒரு டேனிஷ் ஞானப்பாட்டு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பு போன அன்று நீங்கள் தொடங்கினீர்கள். மற்றவர்கள் தங்கள் வேகத்தில் சேர்ந்து, இரண்டு சொல் முன்னே ஓடிப்போய், அங்கே உங்களுக்காகக் காத்திருந்தார்கள். பொறுப்பாளருக்கு மூச்சை அடக்கி அடக்கி முகம் சிவந்துவிட்டது. வண்டிக்காரர் பாட்டு முடிந்ததென்று நினைத்துத் தொப்பியைப் போட்டார், அவசரமாகத் திரும்பக் கழற்றினார்.

குசினிக்குள் வந்ததும் சொன்னேன்: “அக்கா, இன்னும் ஒரு சரணம் எண்டால் அப்பு எழும்பி வந்திருப்பார்.”

“வந்தால் என்ன, கோப்பி போட்டுக் குடுப்பம்.”

சிரித்துச் சிரித்து உங்களுக்கு விக்கல் வந்தது. அடுத்த மாதமே ஒரு மகள் வந்து, தன் தாய்க்கும் ‘அந்த மெதுவான பாட்டு’ வேண்டுமென்று கேட்டாள். பிறகு எல்லோருக்கும் அதுதான். நான் மட்டும் வாயசைத்தேன். அதைக் கண்டுபிடித்துத்தான் இந்த உறையில் பாட்டை எழுதித் தந்தீர்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதா என்று கேட்டேன். “இங்கிலிஸிலை எவ்வளவு நேரம் இழுக்கிறதெண்டு இராது” என்றீர்கள். இப்போதும் எண்ணிப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஏழு ‘ஓ’ இருக்கிறது. “வாயைத் திற, சைவக்காரி. பாடினால் மதம் மாறிப்போகாது.”

மதமல்ல, அக்கா, காரணம். என் குரல் வெளியே வந்து நிற்பதை என்னால் தாங்க முடிவதில்லை. புத்தகங்களோடு வளர்ந்தவள் நான், அவற்றுக்குச் சத்தம் தேவையில்லை. உங்களை அனுப்பிய நாளிலும் அப்படித்தான். கோயிலில் ஓர்கன் அந்தப் பாட்டைத் தட்டின் வேகத்தில் வாசித்தது. இது அக்காவின் வேகமில்லை என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். வாயசைத்துவிட்டு வந்தேன். ஒரு வருடமாக அது என்னை உறுத்துகிறது.

அதற்குப்பின் இங்கே பாட்டுகளைத் தொடங்கியது பொறுப்பாளர். இப்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. “நீ அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், உனக்குத் தெரியும்” என்றார். தெரியும்தான். நாளை வாய் திறக்குமா என்பதுதான் தெரியவில்லை.

மேலே உள்ளது நேற்று எழுதியது.

தொடங்கினேன், அக்கா. உங்கள் இடத்திலிருந்தே தொடங்கப் பார்த்து, முதல் சொல்லிலேயே குரல் அடியில் தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் போலிருந்தது. நாலாம் அறை அம்மாவின் மகன் பெட்டியில் கையை வைத்தபடி பொறுமையாக நின்றார். மூச்செடுத்து, என் குரல் நிற்கும் உயரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். வேகம் மட்டும் உங்களுடையது. இரண்டாம் வரியில் எல்லோரும் சேர்ந்தார்கள். ஒருவரும் முன்னே ஓடவில்லை.

வண்டிக்காரர் புதியவர். கதவை மூடிவிட்டுப் பொறுப்பாளரிடம் மெல்லக் கேட்டார்: “இந்தப் பாட்டை மற்ற இடங்களிலும் கேட்டிருக்கிறேன். இங்கே ஏன் இவ்வளவு மெதுவாகப் பாடுகிறீர்கள்?”

அவர் கட்டிய தொண்டையோடு, கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார்:

“இங்கே எப்போதும் அப்படித்தான்.”

நான் திருத்தவில்லை.